மணியும் கத்தரிப் பாத்தியும்

புதிதாகக் கிளறின மண் என்றால் எங்கள் நாய் மணிக்கு உயிர். சித்திரை வெயிலில், தண்ணீர் விட்ட கத்தரிப் பாத்தியைத் தோண்டி அந்தக் குளிர்ச்சியில் வயிற்றை அழுத்திப் படுத்துவிடுவான். மூக்கு நுனியில் ஈரமண், பக்கத்தில் சாய்ந்த நாற்று. திட்ட மனசு வராது. முருங்கை நிழலில் அவனுக்கென்று ஒரு மணல் குழி வெட்டி, தினமும் தண்ணீர் தெளித்தேன். அப்புறம் பாத்திப் பக்கம் வருவது குறைந்தது.

எனக்கு உண்மையான பயம் உரத்தில்தான். ஆமணக்குப் புண்ணாக்கில் ரிசின் என்ற நஞ்சு இருக்கிறது. எலும்புத் தூளும் கலந்திருந்தால் வாசனைக்கே நாய் தின்னப் பார்க்கும். அதனால் எங்கள் வீட்டில் மண்புழு உரம் மட்டும்தான். வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். சின்ன வெங்காயத்தை மாடித் தொட்டிக்கு மாற்றிவிட்டேன். கீழே வெண்டை, அவரை, புடலை. பிஞ்சு வெண்டையை நறுக்கிப் போட்டால் மணி நறுக்கென்று கடித்துத் தின்பான்.