ஏற்காட்டைப் பார்க்காத ரிவியூவர்

சேலத்தில் ஆய்வுக்குப் பொருள் தேடி அலைய வேண்டியதில்லை. மலையேறினால் காப்பித் தோட்டமும் சோலைக்காடும், இறங்கினால் மேக்னசைட் சுரங்கம், ஆத்தூர்ப் பக்கம் போனால் குச்சிக்கிழங்குக் காடும் ஜவ்வரிசி ஆலையும். இவ்வளவு இருந்தும், நல்ல தரவு உள்ள கட்டுரைகளே ஆய்வு ஜர்னலிலிருந்து திரும்பி வருவதைப் பார்த்தால் மனசு ஆறுவதில்லை. அவற்றை எடுத்துப் படித்தால் ஒரு குறை திரும்பத் திரும்பக் கண்ணில் படும்: தனக்குத் தெரிந்ததெல்லாம் படிப்பவருக்கும் தெரியும் என்று எண்ணி எழுதியிருப்பார்கள். கட்டுரையைப் படித்து ஜர்னலுக்கு மதிப்பிட்டுச் சொல்லும் ரிவியூவர் போலந்தில் இருப்பார், பிரேசிலில் இருப்பார். சேலம் அவருக்கு வெறும் பெயர்.

ஜவ்வரிசியையே எடுத்துக்கொள்வோம். ஆங்கிலக் கட்டுரையில் ‘சேகோ’ என்று மட்டும் எழுதினால் அவர் மனதில் வருவது தென்கிழக்கு ஆசியாவின் சேகோ பனை. நம்மூர் ஜவ்வரிசி குச்சிக்கிழங்கு எனும் மரவள்ளிக் கிழங்கின் மாவு. முதல் பத்தியிலேயே ‘மானிஹாட் எஸ்குலென்டா’ என்று தாவரப் பெயரைச் சொல்லாவிட்டால், ஸ்டார்ச்சின் பண்புகளைப் பனைமாவோடு ஒப்பிட்டுக் கேள்வி கேட்பார். அது அவர் தப்பில்லை. சேலத்துக்கும் சேர்வராயன் அடிவாரத்துக்கும் இடையே உள்ள மேக்னசைட் மேடுகளை ஆங்கில ஆவணங்கள் ‘சாக் ஹில்ஸ்’ என்கின்றன. படிப்பவர் கால்சியம் கார்பனேட் என்று எடுத்துக்கொள்வார். அங்கே வெள்ளையாகத் தெரிவதோ டியூனைட் பாறைக்குள் ஓடும் மக்னீசியம் கார்பனேட். ஒரு வரி விளக்கம் போதும், கேள்வியும் பதிலுமாகப் போகும் இரண்டு மாதம் மிச்சமாகும்.

ஆலைக் கழிவுநீர் பற்றிய கட்டுரைகளில் அதிகம் அடிபடுவது செய்முறைப் பகுதிதான். நீரிலுள்ள கழிவைச் சிதைக்க நுண்ணுயிரிகளுக்கு எவ்வளவு ஆக்சிஜன் தேவை என்று அளக்கும் பிஓடி சோதனையை இந்தியாவில் 27 டிகிரியில் 3 நாள் வைத்துச் செய்வது வழக்கம்; வெளிநாடுகளில் 20 டிகிரியில் 5 நாள். எது என்று சொல்லாமல் எண்ணை மட்டும் கொடுத்தால், அந்த எண்ணை எதனோடும் ஒப்பிட முடியாது. மாதிரியை எப்படிப் பாதுகாத்தோம் என்பதும் இப்படித்தான். அதே கழிவை வேதிப்பொருளால் சிதைத்து அளக்கும் சிஓடி சோதனைக்கான மாதிரியில் கந்தக அமிலம் விட்டு பிஎச்சை 2-க்குக் கீழே இறக்கி, 4 டிகிரியில் வைத்தால் 28 நாள் தாங்கும். பிஓடி மாதிரியில் அமிலம் படவே கூடாது, நுண்ணுயிரி செத்துவிடும். ஒரே கேனில் பிடித்த நீரை இரண்டு சோதனைக்கும் பயன்படுத்தியதாகத் தோன்றும்படி எழுதினால், அந்த வரியோடு ரிவியூவரின் நம்பிக்கை போய்விடும்.

புள்ளியியலில் இதைவிடப் பெரிய பிழை ஒன்று உண்டு. ஒரே தொட்டியில் மொண்ட நீரை மூன்று குடுவையில் சோதித்துவிட்டு, மாதிரி எண்ணிக்கை 3 என்று எழுதுவது. அது ஒரு மாதிரியை மூன்று முறை அளந்தது. மூன்று ஆலை, அல்லது மூன்று வெவ்வேறு நாள் இருந்தால்தான் 3. கட்டுரை எழுதும்போது இதைச் சரிசெய்ய வழியே இல்லை. மாதிரி எடுக்கப் போகும் முன்பே யோசிக்க வேண்டும். ± குறிக்குப் பக்கத்தில் இருப்பது திட்ட விலக்கமா திட்டப் பிழையா என்பதையும் அட்டவணையின் அடியிலேயே சொல்லிவிடுவது நல்லது.

மலையில் செடி சேகரிக்கிறவர்களுக்கு வேறு கணக்கு. சேர்வராயன் மலையை ஆங்கிலத்தில் ஷெவராய், ஷெர்வராய், செர்வராயன் என்று பலவிதமாக எழுதுகிறார்கள். ஒரு கட்டுரைக்கு ஒரே எழுத்துமுறை, தலைப்பிலிருந்து வரைபடம் வரை. ஏற்காடு ஏறக்குறைய 11.78 வடக்கு, 78.21 கிழக்கில் இருக்கிறது. தசமத்துக்குப் பின் நான்கு இலக்கம் கொடுத்தால் சுமார் 11 மீட்டர் துல்லியம். சாதாரணச் செடிக்கு அது சரி. அரிய ஆர்க்கிட் பூச்செடி என்றால் இரண்டு இலக்கத்தோடு நிறுத்த வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நாம் அச்சிட்ட புள்ளியைப் பிடித்துக்கொண்டு செடியைப் பிடுங்க ஆள் வந்துவிடும். முழு விவரம் செடியை உலர்த்தி ஒட்டிய ஹெர்பேரியம் தாளில் இருக்கட்டும். அந்த உலர்மாதிரியைக் கோவையிலுள்ள மெட்ராஸ் ஹெர்பேரியம் போன்ற ஓர் இடத்தில் ஒப்படைத்து, அவர்கள் தரும் பதிவெண்ணைக் கட்டுரையில் போடாவிட்டால் எந்த நல்ல ஜர்னலும் ஏற்காது. கட்டுரையை அனுப்பும் வாரத்தில் தாவரப் பெயரை மறுபடி சரிபார்க்க வேண்டும். இந்த மலையின் பெயரைத் தாங்கிய ‘வெர்னோனியா ஷெவராயென்சிஸ்’ இப்போது ‘மோனோசிஸ்’ பேரினத்திலும் வைக்கப்படுகிறது. பழைய பெயரை மட்டும் போட்டால், புதுசு தெரியாதவர் என்று முடிவு கட்டிவிடுவார்கள். காப்புக்காட்டில் சேகரித்திருந்தால் வனத்துறை அனுமதி எண்ணும் வேண்டும். வெளிநாட்டுக் கூட்டாளி இருந்தால், சென்னையிலுள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் ஒப்புதல் தேவையா என்று ஆய்வு தொடங்கும்போதே பார்த்துவிட வேண்டும்.

எழுதும் வரிசை பற்றி ஒரு வார்த்தை. அட்டவணையும் படமும் முதலில், பிறகு செய்முறை, முடிவுகள், விவாதம், அப்புறம் முன்னுரை. 250 சொல் சுருக்கமும் தலைப்பும் கடைசியில். செய்முறையைப் பழைய ஆய்வேட்டிலிருந்து அப்படியே ஒட்டுவதுதான், ஏற்கெனவே வெளிவந்த எழுத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று காட்டும் ஒப்புமை சதவீதத்தை ஏற்றிவிடும். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதிப்படி 10 சதவீதத்தைத் தாண்டினால் கேள்வி வரும்.

படம் எப்போதும் கடைசி நிமிடத்தில்தான் கவிழ்க்கும். ஜர்னல் பக்கத்தில் ஒரு காலத்தின் (column) அகலம் ஏறக்குறைய 85 மில்லிமீட்டர். அங்குலத்துக்கு 300 புள்ளி (டிபிஐ) என்ற கணக்கில் குறைந்தது 1,000 பிக்சல் அகலம் வேண்டும். வாட்ஸப்பில் சாதாரணமாக அனுப்பி வாங்கிய படம் சுருங்கியிருக்கும். வேர்ட் கோப்பில் ஒட்டிச் சேமித்தாலும் தரம் இறங்கும். கேமராவிலிருந்து வந்த மூலக் கோப்பைத் தனி ஃபோல்டரில் தொடாமல் வைத்திருக்க வேண்டும்.

எந்த ஜர்னல் என்பதைச் செய்முறை எழுதும் முன்பே முடிவு செய்துவிட்டால் பாதி வேலை குறையும். தரமான ஜர்னல்களைச் சொல்லிவந்த யுஜிசி கேர் பட்டியல் 2025-இல் கைவிடப்பட்டபின் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு நம் தலையில். ஒரு வாரத்தில் அச்சேற்றுகிறோம், பணம் கட்டுங்கள் என்று மெயில் வந்தால் பதில் போடவே வேண்டாம். நல்ல ஜர்னலின் பெயரிலேயே போலித் தளம் நடத்துகிறவர்களும் உண்டு; ஒவ்வொரு ஜர்னலுக்கும் உரிய ஐஎஸ்எஸ்என் எண்ணை அதற்குரிய தளத்தில் போட்டுப் பார்த்தால் பெரும்பாலும் குட்டு வெளிப்படும். சந்தா முறையில் வெளிவரும் பல ஜர்னல்களில் ஆசிரியர் பணம் கட்ட வேண்டியதில்லை. ஒரு நேரத்தில் ஓரிடத்துக்கு மட்டும் அனுப்ப வேண்டும். அங்கிருந்து முடிவு வருமுன் இன்னொன்றுக்கு அனுப்புவது ஆய்வறத்துக்கே எதிரானது.

அனுப்பும் தளத்தில் தமிழர்கள் தடுமாறும் இடம் பெயர்க் கட்டம். நமக்கு இனிஷியல், அவர்கள் கேட்பது குடும்பப் பெயர். ஒரு கட்டுரையில் அப்பா பெயரை விரித்து எழுதி, அடுத்ததில் வெறும் எழுத்தை வைத்தால், ஒரே ஆள் இரண்டு ஆளாகிவிடுவார். மேற்கோள் கணக்கும் பிரிந்துபோகும். முதல் கட்டுரைக்கு முன்பே ஒரு வடிவத்தை முடிவு செய்து, ஆய்வாளரை அடையாளம் காட்டும் 16 இலக்க ஆர்கிட் (ORCID) எண்ணையும் எடுத்துவிடுவது நல்லது. அது இலவசம்.

ரிவியூவர் கருத்துகள் வந்தால் அன்றைக்கே பதில் எழுதக் கூடாது. இரண்டு நாள் கழித்து, ஒவ்வொரு கருத்தையும் அப்படியே நகலெடுத்து, அதன் கீழே பதிலும், மாற்றிய இடத்தின் பக்க எண்ணும் வரி எண்ணும். உடன்படாத இடத்தில் மரியாதையோடு காரணம் சொல்லலாம். நல்ல எடிட்டர் அதை ஏற்பார். ‘சேகோ என்றால் பனையா?’ என்று கேட்டிருந்தால், விளக்கத்தைப் பதில் கடிதத்தில் எழுதியதோடு விடாமல் கட்டுரையிலும் சேர்க்க வேண்டும். அடுத்து படிப்பவருக்கும் அதே சந்தேகம் வரும்.

கட்டுரையை ஏற்றபின் நாம் சரிபார்க்க வரும் அச்சுப்படிக்குப் பெரும்பாலும் 48 மணி நேரம்தான். அந்த மெயில் ஸ்பேமில் கிடக்கவும் கூடும். திறந்தவுடன் பார்க்க வேண்டியவை: இனிஷியல் இடம் மாறியிருக்கிறதா, டிகிரிக் குறி பூஜ்யமாகியிருக்கிறதா, ஹெர்பேரியம் எண் சரியா, மலையின் பெயரை யாராவது ‘திருத்தி’ வைத்திருக்கிறார்களா.