கை வைத்தவருக்குச் சட்டம் எப்போது துணை நிற்கும்: குற்றவியல் தாளை இருமுறை எழுதியவளின் குறிப்பு

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த் பகுதியில் ஒரு முதியோர் இல்லத்தில் இரவுப் பணி பார்த்துக்கொண்டே, யூனிசா எனப்படும் தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகத்தில் தொலைநிலைக் கல்வியாக எல்.எல்.பி. படித்து வருகிறேன். குற்றவியல் சட்டத்தின் பொதுக் கோட்பாடுகள் பற்றிய தாளில் முதல் முறை 43 மதிப்பெண் பெற்றுத் தோற்றேன். தேர்ச்சிக்கு 50 வேண்டும். அடுத்த முறை 68 பெற்றேன். இடைப்பட்ட மாதங்களில் புதிதாகப் படித்தது மிகக் குறைவு. படித்ததை எந்த வரிசையில் எழுதுவது, எந்தத் தேதியோடு சேர்த்து எழுதுவது என்பதைத்தான் கற்றுக்கொண்டேன். பெற்றோர், ஆசிரியர், பராமரிப்பாளர், காவலர் ஆகியோர் பிறர்மீது பலத்தைப் பயன்படுத்துவதைச் சட்டம் எப்போது ஏற்கிறது என்ற பகுதியில்தான் நான் அதிகம் இழந்தேன் என்பதால், அதைப் பற்றி மட்டும் இங்கு எழுதுகிறேன்.

தோற்றதற்குக் காரணம் ஒரு குறிப்பேடு. என் அத்தை மகள் 2014இல் இதே தாளை எழுதியபோது தயாரித்த, பச்சை அட்டை போட்ட, அழகான கையெழுத்துள்ள நோட்டு அது. அதில் நியாயப்படுத்தும் காரணங்கள் (குற்றமாகத் தோன்றும் செயலைச் சட்டப்படி ஏற்கத்தக்கதாக்கும் காரணங்கள்) என்ற தலைப்பின் கீழ், தற்காப்பு, அவசியநிலை, சம்மதம், அலுவல் அதிகாரம், மேலதிகாரியின் ஆணை ஆகியவற்றோடு, பெற்றோரின் கண்டிக்கும் உரிமையும் சிவப்பு மையில் கோடிட்டு எழுதப்பட்டிருந்தது. தேர்வில், பொய் சொன்ன 11 வயது மகனைத் தந்தை செருப்பால் அடித்த கதை வந்தது. அடி மிதமானதா, நியாயமானதா, பிள்ளையின் வயது என்ன, அடித்த நோக்கம் என்ன என்று நோட்டில் இருந்தபடி ஒரு பக்கம் முழுக்க எழுதினேன். கேள்வியின் முதல் வரியிலேயே சம்பவம் 2021 மார்ச்சில் நடந்தது என்று இருந்ததை நான் வாசித்தேன், பொருட்படுத்தவில்லை. அந்தத் தேதியில் அந்த உரிமையே இல்லை.

அது எப்படி இல்லாமல் போனது என்பதை வரலாறாகப் படித்தால் மறக்காது. 1913இல் அன்றைய டிரான்ஸ்வால் மாகாண நீதிமன்றம் ஜாங்கே வழக்கில், பெற்றோர் மிதமாகவும் நியாயமாகவும் தண்டிக்கலாம் என்று ஏற்றது. நூறாண்டுக் காலம் அதுவே அளவுகோலாக இருந்தது. முதலில் அரசின் கை கட்டப்பட்டது: 1995இல் வில்லியம்ஸ் வழக்கில், சிறார்களுக்குக் கசையடியைத் தண்டனையாக விதிப்பதை அரசியலமைப்பு நீதிமன்றம் நீக்கியது. அடுத்து ஆசிரியரின் கை: 1996ஆம் ஆண்டுப் பள்ளிகள் சட்டத்தின் 10ஆம் பிரிவு பள்ளியில் அடிப்பதைத் தடுத்தது. அதற்கு எதிராக 196 கிறிஸ்தவத் தனியார் பள்ளிகளின் சார்பில், பெற்றோர் தம் உரிமையை ஆசிரியருக்கு ஒப்படைக்கலாம் என்று வாதிட்ட அமைப்பு 2000இல் தோற்றது. வீடு மட்டும் மிஞ்சியிருந்தது. 13 வயது மகனை அடித்ததற்காகக் குற்றவாளி எனத் தீர்க்கப்பட்ட தந்தை ஒருவரின் மேல்முறையீட்டில், 2017 அக்டோபரில் ஜொகன்னஸ்பர்க் உயர் நீதிமன்றம் கண்டிக்கும் உரிமை என்ற வாதம் அரசியலமைப்புக்கு முரணானது என்றது. அந்தத் தந்தை மேலே செல்லவில்லை. மதச் சுதந்திரத்துக்கான அமைப்பு ஒன்றுதான் வழக்கை அரசியலமைப்பு நீதிமன்றத்துக்குக் கொண்டுசென்றது. 2019 செப்டம்பர் 18 அன்று, தலைமை நீதிபதி மொகொயெங் எழுதிய தீர்ப்பில், நீதிபதிகள் ஒருமனதாக அதே முடிவுக்கு வந்தார்கள். மனித மாண்பைக் காக்கும் 10ஆம் பிரிவும், பொதுத் தரப்பிலிருந்தோ தனியாரிடமிருந்தோ வரும் எல்லா வகை வன்முறையிலிருந்தும் விடுபடும் உரிமையைத் தரும் 12(1)(c) பிரிவும் அடிப்படைகள். ஆங்கில எழுத்து வரிசையில் அது மூன்றாவது உட்பிரிவு என்பதை விடைத்தாளில் மாற்றி எழுதிவிடாதீர்கள்.

கேள்வியில் தேதி இல்லாவிட்டால் இன்றைய சட்டத்தை எழுதுங்கள். பழைய தேதி கொடுக்கப்பட்டிருந்தால், செய்த நாளில் குற்றமாக இல்லாத செயலுக்குத் தண்டனை இல்லை என்று அரசியலமைப்பின் 35ஆம் பிரிவு சொல்வதைச் சேர்த்துவிட்டு, பிறகு பழைய அளவுகோலைப் பயன்படுத்துங்கள்.

இதைப் படித்துக்கொண்டிருந்தபோது என் அம்மா, "அப்படியென்றால் பிள்ளையைத் தொடவே கூடாதா?" என்று கேட்டார். தேர்விலும் இதே கேள்வி வேறு உருவில் வரும். சாலையில் ஓடும் பிள்ளையின் கையைப் பிடித்து இழுப்பது தண்டனை ஆகாது. அது ஆபத்திலிருந்து காப்பது, அதற்கு அவசியநிலை என்னும் தனிக் காரணம் துணை நிற்கிறது. ஐ.நா.வின் குழந்தை உரிமைக் குழு 2006இல் வெளியிட்ட 8ஆவது பொதுக் கருத்துரையும் தண்டிக்கும் பலத்தையும் காக்கும் பலத்தையும் இப்படித்தான் பிரிக்கிறது. ஆனால் பிள்ளையை நடைபாதைக்கு இழுத்து வந்த பிறகு, இனி ஓடாதே என்று ஓர் அடி வைத்தால், அந்த அடிக்கு அவசியநிலை துணை வராது, ஆபத்து முடிந்துவிட்டது. ஒரே சம்பவத்தை இப்படி இரண்டு செயல்களாக வெட்டி எழுதியவர்களுக்கே தேர்வாளர் மதிப்பெண் தருகிறார்.

பராமரிப்பாளர் பற்றிய கேள்வியை நான் என் வேலையிலிருந்தே புரிந்துகொண்டேன். மறதி நோய் முற்றிய ஓர் ஆயா, ஒருநாள் இரவு மூன்று மணிக்குக் கையில் ஏற்றியிருந்த சலைன் குழாயைப் பிடுங்கத் தொடங்கினார். அவருடைய மணிக்கட்டை நான் பிடித்துக்கொண்டேன். இன்னொரு பணியாளர் வரும்வரை, நான்கைந்து நிமிடம் பிடித்திருப்பேன். இடையில் அவர் மற்றக் கையால் என் முகத்தில் ஓங்கி அறைய வந்தார், அதையும் தடுத்தேன். காலையில் அவருடைய மெல்லிய தோலில் என் நான்கு விரல்களும் நீலமாகப் பதிந்திருந்தன. நான் நேரத்தையும் காரணத்தையும் பதிவேட்டில் எழுதியிருந்தேன். மகள் வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் அந்தக் கையைத் தடவிக்கொண்டிருந்தார்.

சட்டத்தில் இவை இரண்டு வேறு காரணங்கள். குழாயைப் பிடுங்கியபோது அவர் யாரையும் தாக்கவில்லை. ஆகவே தற்காப்புக்கு இடமில்லை. அவருடைய நலனுக்கு உடனடி ஆபத்து, வேறு வழியின்மை, தடுத்த தீங்கைவிட செய்த தீங்கு மிகாமை என்று அவசியநிலையின் கூறுகளைக் காட்ட வேண்டும். அறைய வந்ததைத் தடுத்தது தற்காப்பு. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்: மனநிலை தெளிவில்லாதவர் குற்றவாளி ஆக முடியாது, ஆகவே அவர் செய்வது தாக்குதல் ஆகாது என்று எழுதிவிடுகிறார்கள். தாக்குதல் சட்டவிரோதமாக இருந்தால் போதும், தாக்குபவருக்குக் குற்றமனம் இருக்க வேண்டியதில்லை என்பதற்கு, மனநிலை பாதித்த தாயின் தாக்குதலுக்கு உள்ளான மகனைப் பற்றிய, கே என்ற ஓரெழுத்துப் பெயருள்ள 1956ஆம் ஆண்டு மேல்முறையீட்டு வழக்கை மேற்கோள் காட்டுங்கள். நோயாளியைக் கட்டிவைப்பது பற்றிக் கேட்டால், 2002ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் கீழான விதிமுறைகள் கட்டுவதையோ தனியறையில் அடைப்பதையோ தண்டனையாகப் பயன்படுத்தத் தடை விதிப்பதை ஒரு வரியில் சேர்த்தால் போதும்.

காவலர் பகுதி மனப்பாடத்தால் வருவது. 1977ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 49ஆம் பிரிவு, பழைய வடிவில், அச்சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள குற்றம் ஒன்றைச் செய்ததாகச் சந்தேகிக்கப்பட்டுத் தப்பி ஓடுபவரைக் கொல்வதைக்கூட நியாயமான கொலையாகக் கருதியது. அந்த அட்டவணையில் சாதாரணத் திருட்டும் இருந்தது. 2001இல் கோவெண்டர் வழக்கில் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் இதைச் சுருக்கியது: திருட்டுக் காரில் வந்து, இறங்கி ஓடிய 17 வயது இளைஞன் காவலரின் குண்டால் முடமான வழக்கு அது. எங்கள் தெருவில் பாதி வீடுகளின் தபால் பெட்டியில் இருக்கும் பெயர் என்பதால் எனக்கு இந்த வழக்கு மறந்ததே இல்லை. 2002இல் வால்டர்ஸ் வழக்கில், லேடி ஃபிரியர் ஊரில் ரொட்டிக் கடையை உடைத்தவரைச் சுட்ட தந்தை, மகன் தொடர்பாக, அரசியலமைப்பு நீதிமன்றம் உயிரிழப்புக்கு இடமளித்த உட்பிரிவையே நீக்கியது. 2012இல் மாற்றியமைக்கப்பட்ட இன்றைய வடிவப்படி, பலம் தேவையான அளவும் பொருத்தமான அளவும் இருக்க வேண்டும். உயிரைப் பறிக்கக்கூடிய பலத்துக்கு, கடும் வன்முறை அபாயம் இருக்க வேண்டும், அல்லது கடும் உடற்காயம் விளைவித்த அல்லது விளைவிப்பதாக அச்சுறுத்திய குற்றத்தைச் செய்தவர் என்ற நியாயமான சந்தேகமும், அப்போதோ பின்னரோ கைது செய்ய வேறு வழியின்மையும் இருக்க வேண்டும். பின்னரோ என்ற சொல்லை விட்டவர்களுக்கு ஒரு மதிப்பெண் போகும். வால்டர்ஸ் வழக்கில் சுட்டவர்கள் காவலர்கள் அல்லர் என்பதையும் கவனியுங்கள். இப்பிரிவு கைது செய்ய அதிகாரம் உள்ள தனிமனிதருக்கும் பொருந்தும்.

விடை எழுதும்போது நடத்தை, குற்ற வரையறைக்குப் பொருந்துதல், சட்டவிரோதத் தன்மை, குற்றப்பொறுப்பு என்ற வரிசையைக் கலைக்காதீர்கள். நியாயப்படுத்தும் காரணம் மூன்றாம் படியில் வருவது. தாக்குதல் நடக்கிறது என்று தவறாக நம்பியவருக்கு அந்தப் படியில் தப்ப வழியில்லை. அவருடைய நம்பிக்கை நான்காம் படியில், குற்றமனத்தைக் கேள்வி கேட்கும் இடத்தில்தான் பேசப்படும். 1993ஆம் ஆண்டு டி ஒலிவேரா வழக்கு இதற்கே. முதல் முறை நான் இவ்விரண்டையும் ஒரே பத்தியில் குழப்பியிருந்தேன்.

என் வாசிப்பு முறை எளியது: ஒவ்வொரு வழக்கையும் ஒரு சிறு அட்டையில், முன்புறம் நடந்ததை மட்டும் தமிழில் மூன்று வரியாகவும், பின்புறம் ஆங்கிலத்தில் ஆண்டையும் கொள்கையையும் எழுதினேன். ஆங்கிலப் பக்கத்தை மனப்பாடம் செய்ய முடிந்தது. தமிழ்ப் பக்கத்தைத்தான் ஆயாவின் கட்டிலருகே உட்கார்ந்து யோசிக்க முடிந்தது. பச்சை நோட்டை அத்தை மகளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். கண்டிக்கும் உரிமை என்ற தலைப்பின் மேல் அவள் தானே பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் 2019 என்று எழுதிக்கொண்டாள்.