ஸ்டேட்டஸ் போட்டேன், டிசைன் போச்சு

கோத்தகிரியில் நாங்கள் ஆறு பேர் சேர்ந்து கம்பளிச் சால்வை செய்கிறோம். மே சீசனில் இரண்டு இலை, ஒரு கொழுந்து எம்பிராய்டரி போட்டது நன்றாக ஓடியது. ஆகஸ்டில் ஊட்டியில் ஒரு கடை வாசலில் அதே கொழுந்து அக்ரிலிக் சால்வையில் பாதி விலைக்குத் தொங்கியது. நான் கைதவறி வளைத்துவிட்ட காம்புகூட அப்படியே இருந்தது!

முதலில் நான் போய் விசாரித்த ஒருவர், "வரைஞ்சது நீங்கதானே மேடம், காப்பிரைட் தானா இருக்கு" என்றார். அதை நம்பி இரண்டு மாதம் சும்மா இருந்துவிட்டேன். அப்புறம் மேட்டுப்பாளையம் வழியாக பஸ் பிடித்து கோவையில் ஒரு வக்கீலைப் பார்த்தேன். அவர் கேட்டது இரண்டே கேள்வி. எத்தனை சால்வை செய்தீர்கள்? எழுபது. படம் எங்கேயாவது போட்டீர்களா? வாட்ஸப் ஸ்டேட்டஸ், இன்ஸ்டாகிராம், எல்லாவற்றிலும். ஃபைலை மூடிவிட்டார்.

பதிவு செய்யக்கூடிய டிசைனைப் பதியாமல் தொழில்முறையில் 50 தடவைக்கு மேல் பொருளாகச் செய்துவிட்டால் காப்பிரைட் போய்விடும். மனு போடும் முன்பே வெளியில் காட்டிவிட்டால் 2000-ஆம் ஆண்டு டிசைன் சட்டப் பதிவும் கிடைக்காது. அன்றைய பஸ் காசு தண்டம்.

அடுத்த டிசைன், தேயிலைச் சரிவின் வரிகள். விற்பது இருக்கட்டும், என் தங்கைக்குக்கூடக் காட்டவில்லை. கரையில் தோடர் பூவேலை மாதிரி சிவப்பு கறுப்பு வைத்திருந்தேன். அது 2013-லேயே புவிசார் குறியீடு வாங்கியது என்று வக்கீல் சொல்ல, எடுத்துவிட்டேன். ஆன்லைன் மனு, தனிநபர் கட்டணம் 1000 ரூபாய், சரி. ஆனால் போட்டோவில் ஜன்னல் நிழலும் துணிக் கிளிப்பும் விழுந்திருந்ததால் ஆட்சேபம் வந்தது. வெள்ளைத் துணி விரித்து முன்பக்கம், பின்பக்கம் எல்லாம் திரும்ப எடுத்தேன். கடைசியில் பதிவு வந்தது. 10 வருடம், பணம் கட்டினால் இன்னும் 5.

கற்பூர மர (யூகலிப்டஸ்) இலையில் எடுக்கும் எங்கள் துருநிறச் சாயத்துக்கு இது உதவாது. டிசைன் பதிவு கண்ணுக்குத் தெரிவதற்கு மட்டும்தான். தொழில் ரகசியத்துக்கு நம் நாட்டில் தனிச் சட்டமும் இல்லை, வேலை செய்பவர்களோடு போடும் ரகசியம் காக்கும் ஒப்பந்தம்தான் துணை. முதலில் கம்ப்யூட்டர் சென்டரில் எடுத்த இங்கிலீஷ் தாளை யாருக்கும் படிக்கத் தெரியவில்லை. தமிழில் எழுதி, வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்கினேன். படிகாரத்தையும் மற்றதையும் இரவில் நானே நிறுத்து, நம்பர் போட்டுப் பொட்டலம் கட்டுகிறேன்.

நேற்று சாயம் காய்ச்சும் அக்கா கேட்டார்: "மூணாம் நம்பர்ல என்னம்மா இருக்கு?"

"கையெழுத்துப் போட்டீங்களே அக்கா," என்றேன்.