தசைவழித் தடுப்பூசி இடங்கள்: செய்முறைத் தேர்வுக்கு நான் படித்த விதம்

நர்சிங் செய்முறைத் தேர்வில் தசைவழி ஊசிக்கான இடத்தைக் காட்டச் சொல்லும்போது, தசையின் தொடக்கத்தையும் முடிவையும் மட்டும் ஒப்பிப்பவர்கள் அடுத்த கேள்வியிலேயே தடுமாறுவதை நாகர்கோவிலில் படித்த காலத்தில் பலமுறை பார்த்திருக்கிறேன். தேர்வாளர் அடுத்துக் கேட்பது "ஏன் இந்த இடம்?" என்பதுதான். எனவே எலும்பு, தசை, தவிர்க்க வேண்டிய நரம்பு என்ற வரிசையில், விடுதித் தோழியரின் தோளைத் தொட்டுத் தொட்டே நான் படித்தேன். இம்முறையையே உங்களுக்கும் சொல்வேன்.

பெரியவர்களுக்குரிய இடம் மேற்கையின் டெல்டாயிட் தசை. தோளின் உச்சியில் விரலுக்குத் தட்டுப்படும் அக்ரோமியன் எலும்பு விளிம்பிலிருந்து இரண்டு அல்லது மூன்று விரல் அகலம் கீழே, அக்குள் மடிப்பின் மட்டத்துக்கு மேலே, கையின் வெளிப்புற நடுவில் ஊசி இறங்க வேண்டும். அதற்கு மேலே குத்தினால் தசைக்கு அடியில் மூட்டின் உராய்வைக் குறைக்கும் பர்சா பையில் மருந்து இறங்கி, கையைத் தூக்க முடியாத வலி வாரக்கணக்கில் நீடிக்கலாம். மிகவும் கீழே போனாலோ, அக்ரோமியனுக்குச் சுமார் 5 முதல் 7 செ.மீ. கீழே மேற்கை எலும்பைச் சுற்றி வரும் ஆக்ஸிலரி நரம்பும், அதற்கும் கீழே பின்புறமாகச் செல்லும் ரேடியல் நரம்பும் ஆபத்துக்குள்ளாகும். நடைமுறையில் இடம் பிசகுவதற்குப் பெரும்பாலும் காரணம் உடைதான்: இறுக்கமான ஜாக்கெட் கையைப் பாதி சுருட்டி நிறுத்தினால் அக்ரோமியன் துணிக்குள்ளேயே இருந்துவிடும், தெரிகிற இடம் கீழே தள்ளிப்போகும். தோள் முழுவதும் வெளியே தெரியும்படி செய்த பிறகே அளக்க வேண்டும்; தேர்வில் இதைச் செய்து காட்டுவது, வாயால் சொல்வதைவிடப் பலமடங்கு மதிப்புடையது.

கைக்குழந்தைகளுக்கு டெல்டாயிட் போதிய அளவு வளர்ந்திருக்காது. ஆரம்ப சுகாதார நிலையத்தின் புதன்கிழமைத் தடுப்பூசி நேரத்தில், குளச்சல் பக்கத்துத் தாய் ஒருவர், "தொடையில போட்டா பிள்ளைக்கு வீங்கும்லா, கையில போடப்பிடாதா சிஸ்டர்?" என்று கேட்டார். அவருக்குச் சொல்ல வேண்டிய பதிலும் தேர்வாளருக்குச் சொல்ல வேண்டிய பதிலும் ஒன்றே: தொடையின் வெளி முன்பக்கத்திலுள்ள வாஸ்டஸ் லேட்டராலிஸ் பிறப்பிலேயே பருமனான தசை; பெரிய இரத்தக் குழாய்கள் தொடையின் உட்புறமும் புட்டத்தின் வழியாகக் காலுக்கு இறங்கும் பெரிய நரம்பான சயாட்டிக் நரம்பு பின்புறமும் செல்வதால், இப்பகுதி பாதுகாப்பானது. இடுப்போரத்தில் தட்டுப்படும் தொடை எலும்பின் மேல்முனைப் புடைப்பான பெரிய டிரோக்கான்டருக்கும் முழங்காலின் வெளி எலும்பு முனைக்கும் இடைப்பட்ட நீளத்தை மூன்றாகப் பிரித்து, நடுப்பங்கைத் தேர்ந்தெடுங்கள்.

தேசியத் தடுப்பூசி அட்டவணைப்படி, ஐந்து நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசியான பென்டாவேலன்ட் இடது தொடையிலும், நிமோகாக்கல் தடுப்பூசி வலது தொடையிலும் போடப்படுகின்றன. மேற்கையில் போடுவதெல்லாம் தசைவழி என்று எண்ணிவிட வேண்டாம். இடது மேற்கையில் போடும் காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி. தோலுக்குள்ளும், வலது மேற்கையில் போடும் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி தோலுக்கு அடியிலும் செல்பவை. இந்த இடத்தில்தான் மதிப்பெண் அதிகம் போகிறது.

புட்டத்தில் ஏன் கூடாது என்பதற்குச் சயாட்டிக் நரம்பு ஒன்றை மட்டும் காரணமாகச் சொல்லி நிறுத்தாதீர்கள். அங்கே கொழுப்பு தடிப்பாக இருப்பதால் மருந்து தசையை எட்டாமல் போகலாம். ஹெபடைடிஸ் பி, வெறிநாய்க்கடி ஆகிய தடுப்பூசிகளை அங்கே போட்டால் எதிர்ப்பாற்றல் போதிய அளவு உருவாகாமல் போகக்கூடும் என்பதால் அவற்றுக்கு அந்த இடம் விலக்கப்பட்டுள்ளது. பென்டாவேலன்ட் போல அலுமினிய உப்பு சேர்ந்த தடுப்பூசிகள் தசைக்குப் பதிலாகக் கொழுப்பில் தங்கினால், அந்த இடத்தில் எரிச்சலும் கட்டியும் வரும். ஊசியைத் தோலுக்கு 90 பாகையில் பிடிப்பதன் நோக்கமும் மருந்தைத் தசைக்குள் கொண்டு சேர்ப்பதே.

பழைய பாடக்குறிப்புகளில், மருந்தைச் செலுத்தும் முன் சிரிஞ்சைப் பின்னிழுத்து இரத்தம் வருகிறதா என்று பார்க்கச் சொல்லியிருக்கும். டெல்டாயிட், தொடையின் வெளிப்புறம் ஆகிய இவ்விரு இடங்களிலும் பெரிய இரத்தக் குழாய்கள் இல்லை, பின்னிழுப்பது குழந்தைக்கு வலியையும் கூட்டுகிறது என்பதால், தடுப்பூசிக்கு அது தேவையில்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. இதைக் கேட்டால் காரணத்தோடு, தயங்காமல் சொல்லுங்கள்.