எச்சிலில் போன ஆறு மாதம்

போன வாரம் சப்ளிமென்டரி ரிசல்ட் வந்தது. கன்சர்வேட்டிவ், அதாவது பல் மருத்துவத்தில் சொத்தைப் பல்லை அடைக்கும் பாடம், பாஸ். மற்றதெல்லாம் முதல் தடவையே தேறிவிட்டேன். இது ஒன்றில், அதுவும் பிராக்டிகலில், ஒரு சொட்டு எச்சில் கவிழ்த்துவிட்டது.

பரீட்சைக்கு நோயாளியாக நான் கூட்டிப்போனது பாபநாசம் பக்கத்துத் தாத்தா ஒருவரை. கீழ்க் கடைவாய்ப் பல், கிளாஸ் ஒன் காம்போசிட், அதாவது மெல்லும் பரப்பின் குழியைப் பல் நிறப் பசையால் அடைப்பது. "வெத்தலை போடாம வாங்க தாத்தா" என்று நாலு முறை சொல்லியும், பஸ் கும்பகோணம் தாண்டும்போதே வாய் சிவந்துகிடந்தது. ரப்பர் டேம் (பல்லை எச்சிலிலிருந்து பிரிக்கும் ரப்பர் விரிப்பு) கட்ட நேரமாகுமே என்று பஞ்சுருளையோடு நிறுத்திக்கொண்டேன். எட்ச் செய்து (ஆசிட் தடவி நுண்துளை உண்டாக்கி), கழுவி, காயவைத்ததும் பல்லின் மேலோடான எனாமல் சுண்ணாம்பு மாதிரி வெளுத்தது. அந்த நேரம் பார்த்துத் தாத்தா நாக்கைத் திருப்பினார். வெளுப்பின் ஓரத்தில் இளஞ்சிவப்பாக ஒரு கோடு. ஏர் அடித்துவிட்டு பாண்டை (அடைப்பை ஒட்டவைக்கும் திரவம்) எடுத்தேன்.

"எச்சில் பட்டுச்சே, என்னப்பா பண்ணின?" பின்னால் எக்ஸ்டர்னல், வெளியிலிருந்து வந்த தேர்வாளர்.

"காயவச்சேன் சார்."

அவ்வளவுதான்.

அது ஏன் தப்பு என்பது எங்கள் வயலைப் பார்த்தபோதுதான் உறைத்தது. கோடையில் பாளம் பாளமாக வெடித்த மண் தண்ணீரை விழுங்கும். வெடிப்பில் வண்டல் அடைத்துவிட்டால் விழுங்காது. எட்ச் செய்த எனாமலின் நுண்துளைகளும் அப்படித்தான். எச்சிலின் கிளைக்கோபுரோட்டீன் என்ற புரதம் நொடியில் படிந்துவிடும், பாண்ட் உள்ளே இறங்காது. ஏர் அடித்தால் போவது தண்ணீர் மட்டும்.

மனப்பாடமாக இருக்கவேண்டியவை:
- எட்ச்சுக்கு முன் பட்டால்: கழுவு, காயவை, எட்ச். பயமில்லை.
- எட்ச்சுக்குப் பின்: கழுவு, எனாமலை 10 வினாடி மறுபடி எட்ச். இதில்தான் நான் போனேன்.
- பாண்ட் பூசி, க்யூருக்கு (ஒளி காட்டி இறுகவைப்பது) முன்: கழுவு, காயவை, மறுபடி பூசு.
- க்யூர் ஆனபின்: அதேதான், புதிதாகப் பூசி மறுபடி க்யூர்.
- செல்ஃப் எட்ச் (தனியாக ஆசிட் வைக்காத முறை): கழுவிவிட்டு பிரைமரிலிருந்து (பாண்டுக்கு முன் பூசுவது) ஆரம்பி.

வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) இந்தத் தடவை ஒரு பொறி வைத்தார்கள்: "டென்டினுக்கு ஈரம் வேணும்ங்கிறே, அப்ப எச்சில் பட்டா நல்லதுதானே?" சிரித்துவிடாதீர்கள். எச்சிலில் 99 சதவீதம் தண்ணீர், கெடுப்பது மிச்சமுள்ள ஒன்று. எனாமலுக்கு உள்ளே இருக்கும் டென்டினின் கொலாஜன் நார் படுத்துவிடாமல் இருக்கத்தான் ஈரம், அதுவும் சுத்தமான தண்ணீர் ஈரம். அப்புறம் ஆசிட் கேள்வி: எட்ச் முறையைக் கொண்டுவந்த மைக்கேல் புவனோகோர் 1955இல் வைத்தது 85 சதவீத பாஸ்பாரிக் ஆசிட், இன்று நம் சிரிஞ்சில் இருப்பது 37. இரண்டையும் குழப்பாதீர்கள்.

புத்தகம் முழுக்கப் படி என்பார்கள். எனக்கு அது வராது. மேலே உள்ள ஐந்து வரியைச் சுவரில் ஒட்டி, தினம் ராத்திரி ரப்பர் டேம் கட்டிப் பழகினேன். டைபோடான்ட் என்ற மாதிரிப் பல்செட்டில், கிளாம்ப் (ரப்பரைப் பல்லில் பிடிக்கும் கவ்வி) உட்பட. முதலில் பதினைந்து நிமிடம், பரீட்சைக்குள் நாலு.

நோயாளி விஷயம்: இரண்டு பேரைக் கூட்டிப்போங்கள், ஒருவர் மாற்றுக்கு. பஸ் காசும் மதியச் சாப்பாடும் உங்கள் கணக்கு. வெற்றிலைப் பெட்டியைக் காலையிலேயே நீங்கள் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.