வேலிக்கு இந்தப் பக்கம் பையன், அந்தப் பக்கம் பெண்ணின் அப்பா

அமெரிக்க மௌனப்பட நகைச்சுவை நடிகர் பஸ்டர் கீட்டனின் ‘நெய்பர்ஸ்’ 1920-இல் எடுத்த இரண்டு ரீல் மௌனப் படம். கீட்டனும் எடி கிளைனும் சேர்ந்து எழுதி இயக்கியது. பின்புறம் எதிரெதிராக நிற்கும் அடுக்குமாடிக் குடியிருப்புகள் இரண்டு, நடுவே ஒரு பலகை வேலி. இந்தப் பக்கம் பையன் (கீட்டன்), அந்தப் பக்கம் பெண் (வர்ஜீனியா ஃபாக்ஸ்). இரு வீட்டாருக்கும் ஆகவே ஆகாது.

படம் பார்க்கும்போது அந்த வேலியிலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது. பெற்றோர் சம்மதம் என்ற பிரச்சினையை இதில் யாரும் பேசித் தீர்ப்பதில்லை. எல்லாமே தூரமும் உயரமும்தான். காதல் கடிதம் வேலி ஓட்டை வழியே போகிறது. பையன் ஜன்னல் ஏறிப் பெண்ணின் அறைக்குள் போய் மாட்டிக்கொள்கிறான். அவள் அப்பா அவனைத் துணி காயப்போடும் கொடியில் கட்டி, கயிற்றை மெல்ல இழுத்து, அவன் வீட்டுக்கே திருப்பி அனுப்புகிறார். “என் பெண்ணைத் தர மாட்டேன்” என்று வசனத்தை எழுதிக் காட்டும் எழுத்து அட்டை போட வேண்டிய தேவையே இல்லை.

இரண்டு அப்பாக்களின் தேர்வும் அருமை. பெண்ணின் அப்பா ஜோ ராபர்ட்ஸ் மலை மாதிரி ஆள். பக்கத்தில் நின்றாலே கீட்டன் சின்னப் பையனாகிவிடுவார். பையனின் அப்பாவாக வருபவர் கீட்டனின் சொந்தத் தந்தை ஜோ கீட்டன். மகன் சிறுவனாக இருந்தபோதே அவனை மேடையில் தூக்கி எறிவதையே வேடிக்கை நிகழ்ச்சியாக நடத்தியவர். பிடிப்பதும் விழுவதும் இருவருக்கும் பல வருடப் பழக்கம்.

சண்டை நீதிமன்றம் போகிறது. குறுக்கே வரக் கூடாது என்று நீதிபதி சொல்லிவிட, கல்யாணம் கூடி வருகிறது. ஆனால் மோதிரம் வெறும் பத்து சென்ட் என்று கண்டுபிடித்த பெண்ணின் அப்பா மகளை இழுத்துக்கொண்டு போய்விடுகிறார். சட்டம் கொடுத்த சம்மதத்தை ஒரு மலிவு மோதிரம் கவிழ்த்துவிடுகிறது. கதை கட்டியதில் எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான்.

அடுத்து வருவது மனிதக் கோபுரம். பெண் இருப்பது மூன்றாம் தளம். பையனின் தோழர்கள் இருவரும் கீட்டனும் ஒருவர் தோள்மேல் ஒருவர் நின்று முற்றத்தைக் கடக்கிறார்கள். அப்பா கண்ணில் படாமல் தப்ப, போவதும் வருவதுமாக இதையே பலமுறை செய்கிறார்கள். நடிகர் பட்டியலில் ‘ஃப்ளையிங் எஸ்கலான்டிஸ்’ என்ற வித்தைக் குழுவின் பெயர் ஏன் இருக்கிறது என்பது இங்கே விளங்கும். மூன்று பேரும் தலை முதல் கால் வரை ஒரே சட்டகத்துக்குள் தெரிவதால்தான் சிரிப்பு வருகிறது. கிட்டக் காட்சிகளாக நறுக்கிக் காட்டியிருந்தால் உயரமும் போயிருக்கும், நம்பிக்கையும் போயிருக்கும். கடைசியில் கல்யாணம் நடக்கிறது. பெண்ணின் அப்பாவைக் கேட்காமலே.

கோபுரம் முழுசாகத் தெரிய வேண்டும் என்பதால், எந்தப் பிரதியைப் பார்க்கிறோம் என்பது முக்கியம். மௌனப் படச் சட்டகம் அகலம் நான்கு, உயரம் மூன்று என்ற கணக்கு. அதை 16:9 திரை நிரம்ப இழுத்துப் பெரிதாக்கினால் உயரத்தில் கால் பங்கு வெட்டுப்படும். கோபுரத்தில் மேலே நிற்பவரின் தலையோ கீழே நிற்பவரின் காலோ காணாமல் போகும். இருபுறமும் கறுப்புப் பட்டை இருக்கிற பிரதியே சரியானது.

வேகத்தையும் பாருங்கள். அன்றைய கேமராவைக் கையால் சுற்றினார்கள். வினாடிக்கு இரண்டு சுற்று என்றால் 16 பிரேம், அதாவது 16 தனித்தனிப் படங்கள். ஆயிரம் அடி ரீலில் 16,000 பிரேம் இருக்கும். வினாடிக்கு 16 வீதம் ஓட்டினால் பதினாறரை நிமிடத்துக்குச் சற்று மேல், 24 வீதம் ஓட்டினால் பதினோரு நிமிடம்தான். அவசரமாக ஓட்டினால் விழுகிறவர்களுக்கு எடையே இல்லாதது போலத் தெரியும். ரொம்பக் குறைத்தாலும் தவறு, ஏனென்றால் துரத்தல் காட்சிகள் திரையில் வேகமாகத் தெரிய, கேமராவை வேண்டுமென்றே மெதுவாகச் சுற்றி எடுப்பது அன்றைய வழக்கம். ஓடுகிற காட்சியை வைத்து வேகத்தை முடிவு செய்யாமல், யாராவது சும்மா நடந்து வருகிற இடத்தில் நிறுத்திச் சரிபாருங்கள். அங்கே நடை இயல்பாக இருந்தால் மற்றதும் சரியாக இருக்கும்.