முன்னால், நடந்தது, பின்னால்

மார்ச் 3, திங்கள்

இன்று நகம் வெட்டினோம். நான் குட்டியை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொள்ள, மனைவி அவள் கையைப் பிடிக்க, அம்மா ஏதோ பாட்டுப் பாடி ஏமாற்றப் பார்க்க, ஆக மூன்று பெரியவர்கள் சேர்ந்து நாலரை வயதுக் குழந்தையின் பத்து விரல் நகத்தை எடுத்து முடிக்க இருபது நிமிடம் ஆனது. என் முன்னங்கையில் அவள் பல் பதிந்திருக்கிறது. தன் கையையும் கடித்துக்கொண்டாள். அப்புறம் ஒரு மணி நேரம் யாரையும் பக்கத்தில் விடவில்லை. அது நியாயம்தான் என்று இப்போது இரவில் உட்கார்ந்து எழுதும்போது தோன்றுகிறது, அப்போது கோபம்தான் வந்தது.

ஆட்டிசம் என்று எழுதிக் கொடுத்து ஏழு மாதம் ஆகிறது. வாரத்துக்கு ஸ்பீச் தெரபி இரண்டு, ஓ.டி. (ஆக்குபேஷனல் தெரபி, அன்றாட வேலைகளைப் பழக்குவது) ஒன்று, பிஹேவியர் தெரபி மூன்று. (ஆட்டிசத்துக்குத் தமிழில் சொல்லும் மதியிறுக்கம் என்ற சொல் எனக்குப் பிடிக்கவில்லை. அவள் மதியில் இறுக்கம் எதுவும் இல்லை, இறுக்கம் எல்லாம் எங்கள் வீட்டு அட்டவணையில்தான்.) பிஹேவியர் மேடம் ஒரு நோட்டு போடச் சொல்லியிருக்கிறார். பக்கத்துக்கு மூன்று கட்டம்: முன்னால் என்ன, நடந்தது என்ன, பின்னால் என்ன. "அடம் பிடிச்சான்னு எழுதாதீங்க சார், அடம்ங்கிறது உங்க அபிப்பிராயம். கேமரா வெச்சா அதுல என்ன தெரியுமோ அதை மட்டும் எழுதுங்க" என்றார்.

மார்ச் 6, வியாழன்

நோட்டிலிருந்து அப்படியே:

மாலை 6.10. முன்னால்: கட்டைகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். "எழுந்து வா, குளிக்கலாம்" என்றேன். நடந்தது: மல்லாக்கப் படுத்தாள், பின்மண்டையைத் தரையில் மூன்று முறை இடித்தாள், நான்கு நிமிடம் கத்தினாள். பின்னால்: "சரி சரி, அப்புறம் குளிக்கலாம்" என்று சொல்லிவிட்டு நான் போய்விட்டேன்.

எழுதும்போதே கூச்சமாக இருந்தது. முதல் கட்டத்திலும் நான், மூன்றாவது கட்டத்திலும் நான். நடுவில் மட்டும்தான் அவள்.

மார்ச் 11, செவ்வாய்

எட்டு நாளில் 19 பதிவு. மேடம் நோட்டை வாங்கிப் பக்கத்திலேயே பென்சிலால் குறி போட்டுக்கொண்டு போனார். 13 இடத்தில், அவள் எதையோ செய்துகொண்டிருக்கும்போது நாங்கள் இன்னொன்றைச் செய்யச் சொல்லியிருக்கிறோம். மூன்று முறை வாஷிங் மெஷின் வேகமாகச் சுற்ற ஆரம்பித்த நேரம், இதை நான் கவனிக்கவே இல்லை, எழுதியது மனைவி. இரண்டு முறை போனைக் கொடுக்காததற்கு. ஒன்றுக்குக் காரணம் தெரியவில்லை. "எல்லாரும் பார்க்கணும்னுதான் பண்றா" என்று வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்களே, அந்தக் கணக்கில் ஒன்றுகூட இல்லை.

ஒரு நடத்தை திரும்பத் திரும்ப வந்தால் பெரும்பாலும் நான்கில் ஒரு வேலைக்காகத்தான் வருமாம்: யாராவது கவனிக்க, ஒரு பொருளோ விளையாட்டோ கிடைக்க, பிடிக்காத ஒன்றிலிருந்து தப்பிக்க, இல்லையென்றால் அந்தச் செயலே உடம்புக்கு ஏதோ ஒரு விதத்தில் இதமாக இருப்பதால். பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் இரண்டு கத்தலுக்கு இரண்டு வேறு வேலை இருக்கலாம், அதனால் கத்தலுக்கு வைத்தியம் பார்க்க முடியாது, அது செய்யும் வேலைக்குத்தான் பார்க்க வேண்டும். குட்டிக்கு அது தப்பிக்கும் வழி. தலையை இடித்தால் குளியல் தள்ளிப்போகும் என்று அவளுக்குக் கற்றுக்கொடுத்த வாத்தியார் நான்தான்.

இன்னொன்றும் சொன்னார். தலை இடிப்பது திடீரென்று கூடினால் நோட்டை நம்பி உட்கார்ந்துவிடாமல் முதலில் டாக்டரிடம் காது, பல், வயிறு எல்லாம் பார்த்துவிட வேண்டும். வலியைச் சொல்லத் தெரியாத குழந்தை வலி வந்தாலும் தலையை இடிக்கும். பார்த்தாயிற்று, காது சுத்தமாக இருக்கிறது.

மார்ச் 15, சனி

தலையை இடிப்பதற்குப் பதிலாக அவள் எடுத்துக் கொடுக்க வேண்டிய அட்டை வந்துவிட்டது. உள்ளங்கை அளவு, மஞ்சள் நிறம், விரித்த ஒரு கையின் படம், கீழே "போதும்". லேமினேட் செய்து சுவரில் அவள் கை எட்டும் உயரத்தில் வெல்க்ரோவில் ஒட்டியிருக்கிறோம். அவள் தலையை இடிக்கப் படுக்கப்போகும் அந்த ஒரு நொடி முன்னால், பின்னாலிருந்து அம்மா அவள் கையைப் பிடித்து அட்டையை எடுத்து என்னிடம் கொடுக்க வைப்பார், நான் உடனே வேலையை நிறுத்த வேண்டும். வாயால் "அட்டையைக் கொடு" என்று யாரும் சொல்லக் கூடாது. சொன்னால் அவள் அட்டைக்காகக் காத்திருக்க மாட்டாள், நாம் சொல்வதற்காகக் காத்திருப்பாளாம்.

இதற்குப் பின்னால் இருப்பது 1985-இல் எட்வர்ட் கார், மார்க் டியூராண்ட் இருவரும் வெளியிட்ட ஆய்வு என்று மேடம் சொன்னார், இரவு தேடிப் படித்தேன். வகுப்பில் சில பிள்ளைகள் பாடம் கடினமானால் ரகளை செய்தார்கள், சிலர் ஆசிரியர் கவனிக்காதபோது செய்தார்கள். முதல் வகைக்கு "எனக்குப் புரியலை" என்று சொல்லவும், இரண்டாம் வகைக்கு "நான் நல்லா பண்றேனா?" என்று கேட்கவும் பழக்கினார்கள். ரகளை குறைந்தது, ஆனால் காரணத்துக்குப் பொருந்திய வாக்கியத்தைக் கற்றுக்கொடுத்தபோது மட்டும். மாற்றிக் கொடுத்தால் பலிக்கவில்லை. சும்மா ஒரு "ப்ளீஸ்" சொல்லக் கற்றுக்கொடுத்தால் போதாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம்.

அட்டையைப் பழக்கினால் பேச்சு வராமலே போய்விடுமோ என்று அம்மாவுக்குப் பயம். எனக்கும்தான், அம்மா பெயரில் கேட்டேன். படமோ கருவியோ பேச்சைத் தடுப்பதாக ஆய்வுகளில் தெரியவில்லை, சில பிள்ளைகளுக்குப் பேச்சு கொஞ்சம் கூடியே இருக்கிறது என்றார்.

மார்ச் 24, திங்கள்

மோசமான வாரம். அவள் தலையை இடித்தால் இனி வேலை நிற்காது, அட்டை கொடுத்தால்தான் நிற்கும் என்பது புதுச் சட்டம். புதன்கிழமை 22 நிமிடம் கத்தினாள். இதுவரை அதிகபட்சம் ஒன்பது. லிஃப்ட் வரவில்லை என்றால் நாம் உடனே படியில் இறங்கிவிடுகிறோமா, பட்டனை இன்னும் நாலு தடவை ஓங்கி அழுத்துகிறோம் இல்லையா, அதுதான் இது என்று முன்னாலேயே சொல்லித்தான் வைத்திருந்தார்கள். தெரிந்திருந்தும் ஒரு பிரயோஜனமும் இல்லை. தலைக்குக் கீழே தலையணையைத் தள்ளிக்கொண்டே, முகத்தில் எதையும் காட்டாமல், அட்டை இருக்கும் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அலட்சியம் செய்வது என்றால் அடிபடட்டும் என்று விடுவது இல்லை, மண்டையைக் காப்பாற்றியே ஆக வேண்டும். ஆனால் அந்தக் காப்பாற்றலிலும் கொஞ்சாமல், பேசாமல், கண்ணைப் பார்க்காமல்... எழுதுவது எளிது.

வியாழன் அன்று பதினைந்தாவது நிமிடத்தில் அம்மா தாங்க மாட்டாமல், "விடுடா, ஒருநாள் குளிக்கலேன்னா என்ன" என்று தூக்கிக்கொண்டு போய்விட்டார். எப்போதாவது ஒருமுறை பலிப்பதுதான் இன்னும் கெட்டியாக ஒட்டிக்கொள்ளும், இனி அவள் பதினைந்து நிமிடம் வரைக்கும் நம்பிக்கையோடு கத்துவாள். அம்மாவிடம் கத்தினேன். அதற்கும் ஒரு கட்டம் போட்டிருக்க வேண்டும்: முன்னால், நடந்தது, பின்னால்.

சனிக்கிழமை வேறு கதை. அட்டையை அவளே எடுத்தாள். அப்புறம் நிறுத்தவே இல்லை, ஒரே நாளில் 26 தடவை. சட்டை போடப் போதும். தலை வாரப் போதும். நான் பாடினால் போதும். எனக்குச் சிரிப்பும் எரிச்சலும். மேடம் மட்டும் குஷியாகிவிட்டார். முதல் இரண்டு வாரம் ஒவ்வொரு தடவையும் மதித்தே ஆக வேண்டும், அட்டை வேலை செய்யும் என்ற நம்பிக்கை வந்தபிறகுதான் "இன்னும் ரெண்டு, அப்புறம் போதும்" என்று மெல்ல நீட்டலாமாம்.

ஏப்ரல் 2, புதன்

உலக ஆட்டிச விழிப்புணர்வு நாள். ஐ.நா. 2007-இல் அறிவித்து 2008 முதல் வருகிறது. காலையிலிருந்து போனில் நீல நிற வாழ்த்துகள். நல்லெண்ணம்தான், குறை சொல்லவில்லை.

படித்தது கொஞ்சம் இருக்கிறது. 1943-இல் மனநல மருத்துவர் லியோ கேனர் ஆட்டிசம் உள்ள 11 குழந்தைகளைப் பற்றி எழுதினார். பெற்றோரிடம் அன்புச்சூடு குறைவு என்று அவர் போகிற போக்கில் எழுதியதை, பின்னால் புரூனோ பெட்டல்ஹைம் போன்றவர்கள் பிடித்துக்கொண்டு தாய்மார்கள் தலையில் கட்டினார்கள். 1964-இல் அதை ஆதாரத்தோடு எதிர்த்து எழுதியவர் பெர்னார்ட் ரிம்லாண்ட், அவரே ஆட்டிசம் உள்ள ஒரு பையனின் அப்பா. அடுத்து 1987-இல் உளவியலாளர் இவார் லோவாஸ்: வாரத்துக்கு 40 மணி நேரம் பயிற்சி பெற்ற 19 குழந்தைகளில் 9 பேர் மற்றப் பிள்ளைகள் அளவுக்கு வந்தார்கள் என்ற ஆய்வு. ஏ.பி.ஏ. என்ற இந்தப் பிஹேவியர் தெரபி முறை உலகம் முழுவதும் பரவியதற்கு முக்கியமான காரணம் அதுதான். அந்தக் குழந்தைகளைக் குலுக்கல் முறையில் பிரிக்கவில்லை என்பதும், அந்தப் பயிற்சியில் அதட்டலும் தொடையில் அடியும் இருந்தன என்பதும் விளம்பரத்தில் வராது.

ஆட்டிசத்தோடு வளர்ந்து பெரியவர்களான பலர் இன்று ஏ.பி.ஏ.வைக் கடுமையாக எதிர்க்கிறார்கள். சொன்னபடி கேட்கவும், தன்னை மறைத்துக்கொள்ளவும்தான் பழக்கினார்கள் என்கிறார்கள். இதைத் தள்ளிவிட்டுப் போக என்னால் முடியவில்லை. ஏனென்றால் இதற்கு முன்னால் போன இடத்தில் குட்டி கையை உதறும்போதெல்லாம் "கை சும்மா" என்று பிடித்து மேசையில் வைப்பார்கள், நானும் வீட்டில் அதையே செய்தேன். அவள் சந்தோஷம் வந்தால் உதறுவாள். சந்தோஷத்தைப் பிடித்து மேசையில் வைத்திருக்கிறோம்.

இன்று மேடத்திடம் நேராகக் கேட்டேன். இலக்குப் பட்டியலிலிருந்து "கண்ணைப் பார்த்துப் பேசுதல்" எடுத்தாயிற்று. கை உதறுவது முதலிலிருந்தே இல்லை. அவர் முகம் சுளிக்காமல் அதைக் கோடு போட்டு அடித்தார், அதனால் இந்த இடத்தில் நீடிக்கிறோம்.

ஏப்ரல் 13, ஞாயிறு

குட்டிக்குத் தண்ணீர் வேண்டும் என்றால் "தண்ணி வேணுமா?" என்பாள். நாம் கேட்பதை அப்படியே திருப்பிச் சொல்கிறாள், கிளிப்பிள்ளை என்றுதான் நினைத்திருந்தோம். இல்லை, அதுதான் அவள் கேட்கும் விதம் என்றார் ஸ்பீச் டீச்சர். தண்ணீர் வரும்போதெல்லாம் காதில் விழுந்த வாக்கியம் அது, அவள் கணக்கில் அதுதான் தண்ணீரின் பெயர். அதைத் திருத்த வேண்டாம், நம் பேச்சைத்தான் மாற்ற வேண்டும். கேள்வியாகக் கேட்காமல், அவள் வாயிலிருந்து வர வேண்டியதை நாமே "தண்ணி வேணும்" என்று சொல்லிவிட்டுக் கொடுக்க வேண்டும். ஒரு "மா"வுக்கும் ஒரு "ம்"முக்கும் நடுவில் இத்தனை மாதம் போயிருக்கிறது.

இன்னொரு வேலை, காத்திருப்பது. ஒன்றைக் காட்டிவிட்டு, சொல்லிவிட்டு, மனதுக்குள் பத்து வரை எண்ண வேண்டும். என்னால் மூன்றுக்கு மேல் முடியவில்லை, நாலில் நானே பதிலையும் சொல்லிவிடுகிறேன். மனைவி ஆறு வரை போகிறாள். இதில் எங்கள் இருவரையும் தோற்கடித்தவர் அம்மா. அவருக்கு இயல்பிலேயே எல்லாம் மெதுவு. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, வேறெங்கோ பார்த்துக்கொண்டு, அவர்பாட்டுக்கு உட்கார்ந்திருக்கிறார். நேற்று அவரிடம்தான் முதல் "தண்ணி வேணும்" வந்தது. "நீயும் மூணு வயசு வரைக்கும் பேசலடா" என்று பழைய பாட்டை ஆரம்பித்தார், இந்தத் தடவை நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஏப்ரல் 27, ஞாயிறு

ஓ.டி.யில் ஊஞ்சல், மணல்பெட்டி, உருளை. புலன் ஒருங்கிணைப்பு என்று ஜீன் அயர்ஸ் தொடங்கிவைத்த முறை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2012-இல் இதற்கான ஆதாரம் குறைவு என்று பெற்றோரிடம் சொல்லிவிடுங்கள் என்றது, எங்கள் ஓ.டி. அதை அவரே சொன்னார். கனம் கூட்டிய எடைப் போர்வை வாங்கினோம், குட்டி அதை ஒரே நிமிடத்தில் உதைத்துத் தள்ளினாள், இப்போது நான் போர்த்திக்கொள்கிறேன், நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் நகத்துக்கு வழி சொன்னது அவர்தான். கத்தரிப்பது வலிக்கிறதா, சத்தம் பிடிக்கவில்லையா, பிடித்து வைப்பது பிடிக்கவில்லையா, எது என்று தெரியாமல் மொத்தமாக ஆரம்பிக்காதீர்கள் என்றார். அதனால் மூன்று நாள் நகவெட்டி சும்மா மேசைமேல் கிடந்தது, பக்கத்தில் சோப்புக் குமிழி ஊதினோம். அப்புறம் அவள் கையில் கொடுத்தோம். அப்புறம் காற்றில் "டிக்" என்று ஒரு சத்தம், ஒரு குமிழி. சத்தத்துக்குத் தோள் உயர்ந்தது, காதைப் பொத்தினாள், ஆனால் ஓடவில்லை. நாலு நாள் அதிலேயே நின்றோம். வெள்ளிக்கிழமை என் கட்டைவிரலை நீட்டினேன், அவள் இரண்டு கையாலும் அழுத்தினாள். நகத்தோடு கொஞ்சம் சதையும் போனது. அவள் ரத்தத்தை ஆர்வமாகப் பார்த்தாள். எனக்குக் கத்த வேண்டும்போல இருந்தது, பக்கத்தில் அட்டை இல்லை.

மே 9, வெள்ளி

குளித்து முடித்து நகம் ஊறியிருந்த நேரம். யாரும் அவளைப் பிடிக்கவில்லை, தரையில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு விரலையும் முதலில் ஓ.டி. சொன்னபடி நன்றாக அழுத்திவிட்டு, "டிக்", ஒரு குமிழி. இடது கையில் ஐந்தும் முடிந்தது. வலது கையில் சுண்டுவிரல், மோதிரவிரல். நடுவிரலுக்கு வரும்போது எழுந்தாள். சுவரிலிருந்து அட்டையை எடுத்து வந்தாள், ஒரு மூலை கடித்துக் கடித்துப் பிளாஸ்டிக் பிரிந்து தாள் நைந்துவிட்டது, புதிது செய்ய வேண்டும். என் கையில் வைத்தாள். வைத்துவிட்டு, "போதுமா" என்றாள்.

"போதும்" என்றேன். நகவெட்டியை மூடி மேசைமேல் வைத்தேன். இன்னும் மூன்று விரல் பாக்கி.